ஜாக்கிப் பிடி

பழைய வண்டிகளை உடைத்துப் பிரிக்கும் அந்தப் பட்டறையில் அவளுக்குச் சம்மட்டி என்று பட்டப்பெயர். இரண்டு ஆண்கள் முக்கி முனகிக் கழற்றும் கதவை அவள் ஓங்கி ஒரு போடு போட்டால் கீல் தனியாக, கதவு தனியாக விழும். இவளுக்குக்கூடப் பயம் என்று ஒன்று இருக்குமா என்று கேட்டால் பட்டறையே சிரிக்கும். இருந்தது. இன்னொரு பிள்ளை பெறுவது என்றால் அவளுக்குப் பயம்.

மகளுக்கு மூன்று வயது. மகள் என்றால் அவளுக்கு உயிர். அந்த உயிர் வெளியே வந்த விதம்தான் நெஞ்சை விட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரியின் பிரசவ அறையில் குழந்தையின் தலை சிக்கிக்கொண்டது. இரண்டு பேர் ஆளுக்கொரு காலை அழுத்திப் பிடிக்க, மூன்றாமவள் கட்டில்மேல் ஏறி முழங்கையால் வயிற்றை அமுக்கினாள். மரத்துப்போக ஊசி போடாமலே கத்தரித்தார்கள். சதை அறுபடும் சத்தம் அவளுக்கே கேட்டது. கத்தினாள். தொடையில் பளாரென்று ஓர் அறை விழுந்தது. "கத்தாத. ஊர்ல யாரும் பெத்துக்கலையா?" அப்புறம் ரத்தம் நிற்கவில்லை. பிழைத்ததே பெரும்பாடு.

புருஷன் அப்போது வாசலில்கூட இல்லை. அலறலைக் கேட்கச் சகிக்காமல் தெருமுனை டீக்கடைக்குப் போய்விட்டான். "என்னால தாங்க முடியல" என்று இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் உருக்கமாகச் சொல்வான். தாங்க முடியாமல் போனது அவனுக்காம்!

மாமியாருக்குப் பேரன் வேண்டும். தம்பி எப்போது வருவான் என்று அம்மாவைக் கேட்கும்படி பேத்திக்குச் சொல்லிக்கொடுத்து, சோற்றில் கை வைக்கிற நேரமாகப் பார்த்துக் கேட்க வைப்பாள். அதையெல்லாம் அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் ஒருநாள் காலை அலமாரியில் அவளுடைய கருத்தடை மாத்திரைகளைக் காணவில்லை.

"நான்தான் தூக்கிப் போட்டேன்" என்றான் புருஷன், சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே. "ஒரு தடவை கஷ்டமா போச்சுன்னா ஒவ்வொரு தடவையுமா அப்படி ஆகும்?"

அடுப்படியில் கைக்கு அகப்பட்ட சொம்பை விட்டெறிந்தாள். அவன் நெற்றி வீங்கியது. அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்திருக்கக் கூடாது. பிரசவ அறையில் பிடித்தவர்களுக்கும் சேர்த்து அவனை அடித்தாள். மாமியார் அலறினாள், குழந்தை கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. அவனுக்கும் அதே பட்டறையில்தான் வேலை; அதற்குப் பிறகும் இருவரும் போக அந்த வீட்டில் இருந்தது ஒரே ஸ்கூட்டர். பின்னால் உட்கார்ந்து, அவன் சட்டைகூடத் தன்மேல் படாமல் போய்ச் சேர்ந்தாள்.

வண்டிக்கு அடியில் ஆள் இருக்கும்போது மேலே யாரும் அடிக்கக் கூடாது என்பது பட்டறையின் முதல் பாடம். அடியில் போகிறவன் குரல் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத கோபத்தில் அவன் குரல் கொடுக்காமலே ஒரு வேனுக்கு அடியில் போனான். இருந்த வெறியில் அவள் குனிந்து பார்க்கவில்லை. அந்த வேனின் கதவில் ஓங்கிப் போட்டாள். வண்டியைத் தாங்கியிருந்த ஸ்டாண்டு நழுவியது. டயர் கழற்றியிருந்த வேன் ஒருபக்கமாகச் சாய்ந்து, சக்கரம் இருந்த இடத்து இரும்பு பிரேக் டிரம் அவன் முன்கைமேல் இறங்கியது.

அப்படி ஓர் அலறலை அந்தப் பட்டறை கேட்டதில்லை. கேஸ் வைத்து இரும்பு வெட்டும் ஆள் ஒருவன், கண்ணாடி என்று கூப்பிடுவார்கள், ஓடிவந்து புருஷனின் தோள்மேல் முழங்காலை ஊன்றி அமுக்கினான். அவள் ஜாக்கியைச் செருகி மிதித்தாள். வண்டி கொஞ்சம் ஏறி, வழுக்கி, மறுபடியும் அதே கைமேல் விழுந்தது. எலும்பு நொறுங்கியது கேட்டது. அவன் துடித்தான், கத்தினான்.

"கத்தாத" என்றாள் அவள். "ஊர்ல யாருக்கும் அடிபடலையா?"

சொன்னது தன் வாய்தானா என்று திடுக்கிட்டாள். ஒரு நொடி அது இனிக்கவும் செய்தது; அதை மறைத்துப் பயனில்லை. மறுநொடி தன் தொடையில் விழுந்த அறை நினைவுக்கு வந்தது. கண்ணாடியைத் தள்ளிப் போகச் சொன்னாள். எண்ணெய் ஊறிய தரையில் புருஷன் முகத்தருகே படுத்தாள். ஜாக்கிப் பிடி அவள் கையில் இருந்தது.

"தூக்கப் போறேன். வலிக்கும். நீ சொன்னாதான் தூக்குவேன். நிறுத்துன்னா நிறுத்திடுவேன்."

பல்லைக் கடித்துத் தலையாட்டினான். தூக்கினாள். நிறுத்து என்றான். கண்ணாடி பின்னாலிருந்து திட்டியும் நிறுத்தினாள். அவன் மூச்சு வாங்கி, மறுபடியும் தலையாட்டிய பிறகுதான் தூக்கினாள். கை வெளியே வந்தது. எலும்பு வெள்ளையாகத் துருத்திக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியில் அவன் தலை அவள் மடியில் இருந்தது.

"உன்கிட்ட பிரசவ ரூம்ல யாரும் இப்படிக் கேக்கலையா?" என்றான்.

"கேக்கல." ரத்தம் ஊறிய துணியை இறுக்கிக் கட்டினாள். "இன்னைக்குக் காலைலகூட யாரும் கேக்கல."

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

கையைப் பிடித்து இழுத்து எலும்பைச் சேர்க்க வேண்டும் என்று உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது, நல்ல கையால் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு, போய்விடாதே என்றான். ஊசி சரியாக வேலை செய்யவில்லை போலிருக்கிறது. கதவுக்கு வெளியே அவள் ஒவ்வொரு அலறலையும் கேட்டாள். எதிரே டீக்கடை இருந்தது. அவள் இடத்தைவிட்டு அசையவில்லை.

வெளியே வந்தபோது அவன் முகம் சாம்பல் பூத்திருந்தது.

"இன்னொரு தடவை அந்த ரூமுக்குள்ள போன்னா, செத்தாலும் போகமாட்டேன்."

"மூணு வருஷமா நானும் அதைத்தான் சொல்லிட்டிருக்கேன்" என்றாள்.

 வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அவன், வழியில் மருந்துக்கடையில் நிறுத்தி அவளுடைய மாத்திரையை வாங்கிக்கொண்டு போகலாம், அம்மாவிடம் தானே பேசிக்கொள்கிறேன் என்றான்.