பதினேழாம் நம்பர் பெட்டி

பேராசிரியருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்திருந்தது. நாற்பது வீடுகளில் வெப்பத்தைப் பதியும் பெட்டிகளை மாட்டி மூன்று வாரம் ஆகிறது. முப்பத்தொன்பது பெட்டிகள் ஒழுங்காக உச்சிவெயிலில் ஏறி, பொழுது சாய்ந்ததும் இறங்கின. பதினேழாம் நம்பர் மட்டும் தினமும் பகல் பன்னிரண்டுக்குச் சொல்லிவைத்தாற்போல் ஆறு டிகிரி இறங்கியது.

“பெட்டி கெட்டுப்போச்சு. கணக்குலேருந்து தூக்கிடலாம்” என்றார்.

எதிர்மேசைச் சமூகவியல்காரி நிமிர்ந்தாள். இயற்பியலையும் சமூகவியலையும் ஒரே ஆய்வில் கோத்து, இருவரையும் ஒரே அறையில் பல்கலைக்கழகம் உட்காரவைத்து ஆறு மாதம். முதல் மாதம் முழுக்கச் சண்டை. இப்போதும் சண்டைதான், ஆனால் அவர் டீ வாங்கினால் இரண்டாகத்தான் வாங்குவார்.

“கெட்டுப்போன பெட்டிக்கு மணி பாக்கத் தெரியுமா சார்? வாங்க, நேர்ல போய்ப் பாத்துடலாம்.”

பதினேழாம் நம்பர் பெட்டி இருந்தது ஒரு தையல்காரரின் வீட்டில், நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றபோது சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

“பெட்டி எங்கம்மா?”

“அவரோட கீழ போயிருக்கு” என்றாள் தையல்காரரின் மனைவி, பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

கீழே, மாடிப்படிக்கு அடியில், தண்ணீர்த்தொட்டியை ஒட்டித் தையல்காரர் கை மெஷினோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெட்டி.

“மேல அனல் தாங்கல சார். பன்னெண்டு ஆனா இங்க வந்துடுவேன்.”

“சரி, இதை ஏன் தூக்கிட்டு வந்தீங்க?”

தையல்காரர் சமூகவியல்காரியைக் காட்டினார். “வெயில் உங்களை என்ன பண்ணுதுன்னு இது எழுதும்னு மேடம்தானே சொன்னாங்க? நான் இங்க இருக்கறப்போ அது மேல உக்காந்து யாரை எழுதும்?”

பேராசிரியர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூன்று வாரமாக முப்பத்தொன்பது சுவர்களை அளந்திருக்கிறார். அந்த வீட்டு மனிதர்கள் நண்பகலில் எங்கே இருந்தார்கள் என்று அவருக்குத் தெரியாது.

“மேடம், நாப்பதுல ஒருத்தரைத்தான் நாம அளந்திருக்கோம்.”

“இதைத்தானே சார் ஆறு மாசமா நான் தொண்டை கிழியச் சொல்றேன்!”

“நீங்க சொன்னப்போ புரியல.”

“இந்தத் தையக்கார அண்ணன் சொன்னா மட்டும் புரியுதாக்கும்?” என்றாள், ஆனால் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார்.

அன்றே முடிவு செய்தார்கள்: பெட்டி இனிமேல் சுவரில் அல்ல, ஆளோடு இருக்க வேண்டும். நாற்பது இடுப்புப் பைகளைத் தைக்கத் தையல்காரர் ஒப்புக்கொண்டார். முதல் பையை அங்கேயே தைத்து முடித்து, அளவு பார்க்கப் பேராசிரியரைத்தான் எழுப்பி நிறுத்தினார்.

“மூச்சை உள்ள இழுக்காதீங்க சார். தொப்பை இருந்தா இருக்கட்டும், நம்மாளுங்கதானே.”

சமூகவியல்காரி நோட்டுப்புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். பேராசிரியர் மெதுவாக மூச்சை விட்டார். தையல்காரர் வார்ப்பட்டையை இரண்டு விரற்கடை தளர்த்தினார்.