வாலுள்ள மஞ்சள் பொட்டு

மெர்ல் ஹாஸ்கின்ஸ் எந்த வேலையையும் முக்கால்வாசியிலேயே "முடிஞ்சது" என்று அறிவித்துவிடுகிற ஆள். அந்த வீட்டின் சமையலறைக் குழாய் முதல் கூரை வரை அவன் முடித்த வேலைகளில் எல்லாம் கொஞ்சம் பாக்கி தொங்கிக்கொண்டிருக்கும். அவனுடைய மனைவி லோர்னாவுக்கு அது பழகிவிட்டது. கடைசிவரை பழகாமலே போய்ச் சேர்ந்தவர் அவளுடைய அப்பா எமில் ராடெக்கி.

எமில் அமெரிக்காவின் போன்டியாக் ஊரில், அதே பெயருள்ள கார் தொழிற்சாலையில் பரிசோதகராக இருந்தவர். வரிசையில் வண்டி நகர்ந்து வரும்போது நட்டைக் கையால் பிடித்துப் பார்ப்பார். சின்ன ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டுவார். பிறகுதான் அதன் மேல் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைப்பார். அவசரக் கை என்பதால் பொட்டுக்குக் கீழே சின்னதாக ஒரு வால் இழுபடும். கை வைத்துப் பார்க்காத நட்டுக்கு மேஸ்திரி தொண்டை கிழியக் கத்தினாலும் பொட்டுக் கிடைக்காது. கல்யாணத்தன்று மருமகனின் தோளைத் தொட்டு, "மாப்ளே, உன் கை முடிக்கிறதுக்கு முன்னாடி வாய் முடிச்சிடுது" என்று சொன்னவர் அவர்தான். அதற்குப் பிறகு சாகும்வரை மெர்லைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. மெர்லுக்கு அது ஆறாத புண்.

இப்போது கராஜில் நிற்பது எமிலின் காலத்து வண்டி, 1969-ம் வருடத்து ஜி.டி.ஓ. ஜட்ஜ். ஜி.டி.ஓ. என்ற அந்தக் கார் வம்சம் பிறந்ததே ஒரு தில்லுமுல்லில்தான். நடுத்தரக் காருக்குள் பெரிய எஞ்சின் போடக்கூடாது என்பது தாய்க் கம்பெனி மேலிடத்துக் கட்டளை. 1964-ல் போன்டியாக் கம்பெனிக்காரர்கள் காரை அப்படியே விட்டுவிட்டு, பெரிய எஞ்சினை 'விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளும்' கூடுதல் சாமான்களோடு நைசாக நுழைத்துவிட்டார்கள். வண்டி பிய்த்துக்கொண்டு விற்றதும் மேலிடம் வாயை மூடிக்கொண்டது. 1968-ல் உடம்பு மாறியது, இடித்தாலும் பழைய வடிவத்துக்கே மீளும் ரப்பர் மூக்கு வந்தது. அடுத்த வருடம் ஜட்ஜ் வந்தது: வாலில் இறக்கை, விலாவில் கோடு, பெயரில் சிவப்பும் பார்வைக்கு ஆரஞ்சுமாக ஒரு வண்ணம். பிறகு இன்சூரன்ஸ் எகிறியது, பெட்ரோலில் ஈயம் குறைந்தது, எஞ்சினின் மூச்சும் குறைந்தது. 1974-ல் வேறொரு சின்னக் காரின் மேல் ஜி.டி.ஓ. பெயரை ஒட்டி விற்றுப் பார்த்துவிட்டுக் கடையை மூடினார்கள். அந்தக் கடைசி வண்டியைப் பார்த்து எமில், "பேரை ஒட்டிட்டா ஆச்சா? உள்ள சரக்கு வேணாமா?" என்று காறித் துப்பினாராம்.

மெர்ல் இந்த ஜட்ஜை ஒரு வைக்கோல் கொட்டகையிலிருந்து எலிக்கூட்டோடு வாங்கி வந்தான். அடியில் அப்பியிருந்த அழுக்கைச் சுரண்டும்போது, பின்சக்கரப் பக்கம் மங்கலாக ஒரு மஞ்சள் பொட்டுத் தெரிந்தது. அதற்கு வால் இருந்தது. லோர்னா குப்புறப் படுத்து அதைத் தொட்டுப் பார்த்து, "எங்கப்பா கை" என்று அழுதாள். "ஓடுற வண்டியானதும் நான்தான் ஓட்டுவேன், சொல்லிட்டேன்" என்றாள்.

ஆனால் பழுது நீக்குவதென்றால் துருவோடு எல்லாவற்றையும் உரித்தாக வேண்டும். பொட்டும் போயிற்று. பழைய கார் கண்காட்சி நடத்தும் சங்கத்து நடுவர்களோ, தொழிற்சாலையை விட்டு வந்த அன்று இருந்த கிறுக்கல் வரை அப்படியே இருந்தால்தான் முழு மதிப்பெண் போடுவார்கள். அதனால் பழைய வண்டியைப் புதுப்பிக்கிற இந்தக் கூட்டத்தில் எல்லோருமே செத்துப்போன தொழிலாளிகளின் கையை நகலெடுப்பவர்கள்தான். மெர்லும் அட்டையில் எழுதி எழுதிப் பழகி, வண்டி உயரத்தில் தாங்கியின் மேல் நின்றபோதே, கைக்கு எட்டும்போதே, அடியில் வேண்டிய இடமெல்லாம் மாமனாரின் பொட்டை வைத்துவிட்டான். வாலோடு.

வண்டியைச் சக்கரத்தில் இறக்கிய மறுநாள் காலையில் ஒரு பொட்டைக் காணவில்லை. பின் அச்சைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகளில் இடப்பக்கத்தது. அந்த நட்டு மட்டும் துணியால் துடைத்தது மாதிரி பளிச்சென்று இருந்தது.

மெர்ல் உடம்பை வளைத்து அடியில் நுழைந்து மறுபடி வைத்தான். அடுத்த நாள் மறுபடி இல்லை. மற்ற பொட்டுகளெல்லாம் கல்லாட்டம் இருந்தன.

முட்டைப் பொரியலைக் கிளறிக்கொண்டிருந்த லோர்னாவிடம் வந்து நின்றான். "நீ எதாவது அடியில போய்த் துடைச்சியா?"

"ஆமா, எனக்கு வேற வேலையில்ல பாரு. வீட்டுத் தரையைத் துடைக்கவே ஆளில்ல, உன் காருக்கு அடியில போய்த் துடைக்கிறேனாக்கும்."

"ஒரு பொட்டு மட்டும் அழியுது லோர்னா."

"எண்ணெய் இருந்திருக்கும். நீ சுத்தம் பண்ணி முடிச்சேன்னு சொன்னா எனக்குத் தெரியாதா உன் முடிச்ச லட்சணம்?"

அப்போது கராஜிலிருந்து சத்தம் வந்தது. இரும்பில் இரும்பு, இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு மறுபடி இரண்டு. லோர்னாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. வீட்டில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை.

"எஞ்சின் குளிர்ந்தா இரும்பு சுருங்கும். அந்தச் சத்தம்" என்றான் மெர்ல். எஞ்சினை அன்று அவன் கிளப்பவே இல்லை என்பது சொல்லி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஆனாலும் போய்ப் பொட்டைத்தான் மறுபடி வைத்தான், வேறு எதையும் தொடவில்லை. பொட்டு வைத்த இடத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

கண்காட்சி நாளான ஞாயிற்றுக்கிழமை காலையில் லோர்னா நல்ல சட்டை போட்டு, உதட்டுச் சாயம் பூசி, ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். திடலுக்குப் போகும் உட்வர்ட் சாலையில் இந்த வண்டியைத் தானே விரட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவள் ஆசை. சாவியைத் திருப்பினாள். கராஜ் அதிர்ந்தது. மெர்ல் கதவைத் தூக்கிவிட்டுத் திரும்பினான்.

அவள் எஞ்சினை அணைத்துவிட்டாள்.

"என்னாச்சு?"

"சீட்டுக்கு அடியில தட்டுறாரு மெர்ல்."

"யாரு?"

"யாருன்னு உனக்குத் தெரியாதா?"

இப்போது அவனுக்கும் கேட்டது. டக், டக். வாசல் வெயில் கராஜுக்குள் பாதிவரை வந்திருந்தது. மெர்ல் மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தான். பொட்டு இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, பெயின்ட்டைத் தேடாமல் அந்த நட்டைப் பிடித்தான்.

விரலோடு சுழன்றது.

அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. இரும்புக் கையின் முனையில் இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும் என்பதால் அந்த இடத்து நட்டுகளைத் தாங்கியின் மேல் இறுக்கக் கூடாது. சும்மா திருகி வைத்து, வண்டி தன் பாரத்தோடு சக்கரத்தில் நின்ற பிறகுதான் இறுக்க வேண்டும். மற்றவற்றை இறக்கிய அன்றே இறுக்கிவிட்டான். இது மூலையில் இருந்தது, பொட்டும் அதற்குள் வைத்தாயிற்று, முடிந்தது என்று கண் ஏமாந்துவிட்டது. மாமனாரின் கையை நகலெடுத்து அவன் ஏமாற்றியது தன்னைத்தான். உட்வர்ட் சாலை வேகத்தில் அந்த நட்டுக் கழன்றிருந்தால் பின் அச்சே விலகியிருக்கும். உள்ளே லோர்னா.

அடியில் கிடந்தபடியே அழுதான். பிறகு லோர்னாவிடம் ஸ்பேனரை வாங்கி, முழங்கை தேய, மூச்சு வாங்க இறுக்கினான். எல்லா நட்டையும் ஒவ்வொன்றாகக் கையால் பிடித்துப் பார்த்தான்.

வெளியே வந்து அவளிடம் மறைக்காமல் சொன்னான். லோர்னா பெயின்ட் டப்பாவைக் கண்ணால் காட்டினாள்.

"இப்பப் பொட்டு வைக்கலயா?"

"வேணாம். மார்க் போனாப் போவுது. அந்தப் பொட்டு என்னோடது இல்ல."

பெயின்ட் டப்பா அலமாரியிலேயே இருந்தது. அவளே ஓட்டினாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனான்.

கண்காட்சித் திடலில் வெண்டெல் என்ற தொந்தி நடுவர் பாய் விரித்து, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போனார். நெடுநேரம் அங்கேயே கிடந்தார். பிறகு முனகிக்கொண்டே எழுந்தார்.

"பிரமாதம்யா. ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா இப்படியா கடைசி நேரத்துல வேலை பார்ப்பே? காயறதுக்காவது விட வேணாமா?"

"எது காயல?"

"இடப்பக்கம் பின்னால. பாரு, சட்டையெல்லாம் ஆக்கிட்டே."

அவர் கட்டைவிரலைக் காட்டினார். அதில் மஞ்சள் பெயின்ட் ஈரமாகப் பளபளத்தது. லோர்னா அந்த விரலைப் பிடித்து, ஒட்டியிருந்த மஞ்சளைத் தன் விரலில் தொட்டு எடுத்தாள்.

"அப்பா உன்னைப் பாஸ் பண்ணிட்டாரு, மெர்ல்" என்றாள்.