பத்து ரூபாய்க் கஞ்சி

ஒரே மாதத்தில் முத்தாரம்மாளுக்கு இரண்டு பெயர் வைத்துவிட்டார்கள். முதல் பெயரை வைத்தவர் அவள் சமைக்கும் தம்பானூர் ஹோட்டலின் முதலாளி. வாரம் ஒரு நாள் லீவு வேண்டுமென்று சமையற்கட்டுப் பெண்கள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய் முன்னால் நின்றதற்கு, "நீ என்ன நக்சலைட்டா?" என்று கேட்டார். இரண்டாவது பெயரை வைத்தது அவளுடைய சொந்த யூனியன். நியோலிபரல். ராதாபுரத்திலிருந்து மலையாளக் கரைக்குப் பிழைக்க வந்து பதினெட்டு வருஷமாகத் தோசைக்கல் முன்னால் வெந்துகொண்டிருக்கிறவளுக்கு இந்த ஊர் கொடுத்த பட்டங்களைப் பாருங்கள்.

இரண்டாவது பெயர் வந்தது, யூனியன்கள் எல்லாம் வேலைநிறுத்தம் அறிவித்த ஒரு பணிமுடக்கு நாளில். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, பெட்டிக்கடைகூடத் திறக்கவில்லை. முத்தாரம்மாளும் வேலைக்குப் போகவில்லை. ஊர்வலத்தில் தொண்டை கட்டக் கோஷம் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தாள். வழியில் பெரிய ஆஸ்பத்திரி மதிலோரம், நோயாளிகளுக்குத் துணைக்கு வந்தவர்கள் பச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாதிப்பேர் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து ஆட்கள். பார்த்தவளுக்கு மனசு ஆறவில்லை. வீட்டுக்குப் போய் அண்டாவை அடுப்பில் ஏற்றினாள். சாயங்காலம் அதே மதிலோரம் கஞ்சியும் பயறும். கிண்ணம் பத்து ரூபாய்.

அந்தப் பத்து ரூபாயில்தான் வினை பிடித்தது. யாரோ ஒரு புண்ணியவான் போட்டோ எடுத்து யூனியன் வாட்ஸாப் குரூப்பில் போட்டான். மூன்றாம் நாள் மலையாளத்தில் நோட்டீஸ் வந்தது. பாத்திரம் கழுவும் சிஜிதான் வாசித்துக் காட்டினாள். 'சகாவு முத்தாரம்மாளின் நியோலிபரல் மனோபாவம்' பற்றி ஞாயிற்றுக்கிழமை விசாரணை. சகாவு என்றால் தோழர்; மரியாதைக்குக் குறைச்சலில்லை.

யூனியனில் ஒரு வழக்கம் உண்டு. தப்புச் செய்தவர் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று தன்னைத்தானே விமர்சித்துக்கொள்ள வேண்டும், எழுதியும் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மூன்று மாத சஸ்பென்ஷன். கொடுக்காவிட்டால் உறுப்பினர் கார்டே போய்விடும். இரண்டில் எது நடந்தாலும் அவளுக்கு நஷ்டம்தான். ஏனென்றால் மறுநாள் திங்கட்கிழமை பத்து மணிக்கு லேபர் ஆபீசில் முதலாளியோடு பேச்சுவார்த்தை. யூனியன் சார்பில் அந்த மேஜையில் உட்கார வேண்டியவள் அவள். வேறு ஆள் போனால் டீ குடித்துக் கை குலுக்கிவிட்டு வந்துவிடுவார்கள். பத்துப் பெண்களின் லீவு அதோடு சரி.

ஞாயிறு காலை மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். செயலாளர் தாணுமாலையன், குமரிக்காரர், சாலைக் கடைத்தெருவிலேயே நரைத்தவர். பக்கத்தில் மூட்டை சுமக்கும் சுமட்டுத் தொழிலாளி பிச்சையா. ஓரத்தில், நோட்டீசை எழுதிய எம்.ஏ. படித்த பிரஜின். பின் பெஞ்சுகளில் சமையற்கட்டுப் பெண்கள்.

"நோட்டீஸ் கிட்டியல்லோ. எழுதிக் கொண்டு வந்தியா?" என்றார் தாணுமாலையன்.

"ஒரு வார்த்தை மட்டும் விளங்கல அண்ணாச்சி. அந்த நியோலிபரல்னா என்னன்னு சொன்னா, இப்பவே எழுதித் தாரேன்."

பிரஜின் தொண்டையைச் செருமினான். "அது சேச்சி, சர்க்கார் கையில உள்ளதையெல்லாம் பிரைவட்காரனுக்குத் தூக்கிக் கொடுக்கிறது."

"ஆஸ்பத்திரி மதிலையா நான் வித்தேன்?"

"அதில்ல," என்றார் பிச்சையா. "சுயநலம். ஊரு எப்படிப் போனா என்ன, நாம நல்லா இருக்கணும்னு நினைக்கிறது."

"அப்போ எங்க மதினியும் நியோலிபரல்தான்."

பின் பெஞ்சு சிரித்தது. தாணுமாலையன் மேஜையைத் தட்டினார். "எல்லாத்தையும் மார்க்கெட் ஆக்குறது. அதாணு அர்த்தம். சும்மா கொடுத்திருந்தா அது சேவை. நீ பத்து ரூபா வாங்கினேல்லோ?"

முத்தாரம்மாளுக்கு இப்போதுதான் நிஜமாகவே கோபம் வந்தது. மூன்று பேர், மூன்று அர்த்தம். இதை வைத்துக்கொண்டா கார்டைப் பிடுங்க வந்தார்கள்?

"முதல்ல சும்மாதான் அண்ணாச்சி கொடுத்தேன். மார்த்தாண்டத்துக்காரர் ஒருத்தர் கிண்ணத்தைத் திருப்பி வச்சிட்டார். 'மகளுக்கு ஆபரேஷன்னு வந்திருக்கோம்மா, பிச்சைக்கு வரல'ன்னார். பத்து ரூபான்னு சொன்ன பிறகுதான் குடிச்சார். அவருக்குப் பின்னாலதான் மத்தவங்களும் வந்தாங்க."

"எந்தாயாலும் சேச்சி, ஐடியாலஜிக்கலா நோக்கும்போ..." என்று பிரஜின் ஆரம்பித்தான். முத்தாரம்மாள் முடிக்க விடவில்லை.

"பணிமுடக்கு அன்னைக்குக் கஞ்சி வித்தேன். யூனியன் சொல்லை மீறினேன். அது தப்புன்னா தப்புதான், எழுதிக் கையெழுத்துப் போடுதேன். ஆனா அந்த வார்த்தையை என் தலையில கட்டாதிய. நாளைக்கு அது நமக்கு வேணும்."

"நாளைக்கா?" என்றார் பிச்சையா.

"நம்ம முதலாளி போன வாரம் சமையற்கட்டுல ஒரு போர்டு மாட்டியிருக்கார். இனிமே நாங்க தொழிலாளி இல்லையாம், சர்வீஸ் பார்ட்னராம். பார்ட்னருக்கு லீவு கிடையாது, பி.எஃப். கிடையாது, காய்ச்சல்னு ஒரு நாள் படுத்தா சம்பளம் கிடையாது. நீங்க மூணு பேரும் சொன்ன மூணு அர்த்தமும் அங்க ஒரே நாற்காலியில உக்காந்திருக்கு. அவரைச் சொல்ல வேண்டிய வார்த்தையை என் கஞ்சிக்குச் செலவழிச்சிட்டு, நாளைக்கு அவர் முன்னால என்ன சொல்லுவிய?"

தாணுமாலையன் நோட்டீசை இழுத்துப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து அந்த ஒரு வார்த்தையை அடித்தார். ஆனால் மனுஷன் லேசில் விட்டுக்கொடுக்கிறவர் இல்லை.

"வார்த்தை போச்சு. மீறினது போகாது. மூணு மாசம் சஸ்பென்ஷன். அது ரூல்."

"சரி அண்ணாச்சி," என்றாள். சொன்னபடியே இரண்டு வரி தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிரஜின் மினிட்ஸ் புத்தகத்தைத் திறந்து, 'இன்று முதல்' என்று எழுதத் தொடங்கினான். தோசைக்கல்லில் சுட்டுச் சுட்டுக் கறுத்த ஒரு விரல் வந்து அந்த வரியின் ஓரத்தில் ஊன்றியது.

"செவ்வாய்க்கிழமை முதல்னு எழுதுங்க தம்பி. நாளைக்கு எனக்கு லேபர் ஆபீஸ்ல வேலை இருக்கு."

பிரஜின் செயலாளரைப் பார்த்தான். செயலாளர் பின் பெஞ்சைப் பார்த்தார். சிஜியும் மற்ற ஒன்பது பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். தாணுமாலையன் தலையாட்டினார். பிரஜின் அடித்துவிட்டுத் திருத்தி எழுதி முடிக்கும்வரை முத்தாரம்மாள் விரலை எடுக்கவில்லை.