கீழ்தாழ் நீட்டிய கை

1

இது கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. ஒரு வாரப் பத்திரிகையில் கடைசிக்கு முந்தின பக்கம் என்னுடையது. பேருந்தில் இடம் விட்டுக்கொடுத்தவர், கண்டெடுத்த சாவியோடு வீடு வீடாக அலைந்தவர் என்று இப்படிப்பட்ட மனிதர்களைப் பற்றி எழுதுவேன். விளையாட்டுப் பக்கம் எழுதுகிறவர் மகள் கல்யாணத்துக்காக விடுப்பில் போனதும் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

“டேக் டீம் மல்யுத்தம் தெரியும்ல சார்? அதுல பெரிய ஜோடிகள் யாரு, அவங்களைப் பார்த்து யார் யாரு கத்துக்கிட்டாங்கன்னு ஒரு கட்டுரை வேணும்.”

“எனக்கு மல்யுத்தத்தைப் பத்தி ஒண்ணுமே தெரியாதேப்பா.”

“நல்லவங்களைப் பத்தி எழுத வருது இல்ல? இதுலயும் ரெண்டு பேர் நல்லவங்க, ரெண்டு பேர் கெட்டவங்க. அவ்வளவுதான் சார்.”

அவ்வளவுதான் என்று நானும் நம்பிவிட்டேன்.

(என்னைப் போலத் தெரியாதவர்களுக்கு: ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர். ஒருவர் கயிறுகளுக்கு உள்ளே சண்டை போடுவார். மற்றவர் மூலையில், கயிற்றுக்கு வெளியே நிற்பார். உள்ளே இருப்பவர் வந்து கையைத் தொட்டால்தான் வெளியே நிற்பவர் உள்ளே வரலாம். யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே பேசி வைத்தது. விழுவது மட்டும் பேசி வைத்தாலும் வலிக்கும்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “தனியாக வென்றவர்களை உலகம் கொண்டாடுகிறது, ஆனால் இணைந்து”

பள்ளிப் பேச்சுப்போட்டி நினைவுக்கு வந்தது. விட்டுவிட்டேன்.

அடுத்து இப்படி: “அரங்கமே அதிர்ந்தது. விளக்குகள் சுழன்று”

நான் எந்த அரங்கத்துக்கும் போனதில்லை. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பழைய போட்டிகளின் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “சாமி கும்பிடற நேரத்துல என்னங்க இது, ஒரே அடிதடி” என்று உள்ளிருந்து மனைவி சொன்னாள். சத்தத்தைக் குறைத்தேன். சத்தம் போனதும்தான் எனக்கு ஒன்று கண்ணில் பட்டது. சண்டை போடுகிறவரை விட்டுவிட்டு, வெளியே நிற்கிறவரைப் பார்க்க ஆரம்பித்தேன்.

சாதாரண ஜோடியில் வெளியே நிற்பவர் கூட்டத்தைப் பார்த்துக் கையாட்டுவார். நல்ல ஜோடியில் அவர் தன் கூட்டாளியின் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பார். கூட்டாளி தடுமாறினால் இவர் முழங்காலும் மடங்கும். நண்பன் அடி வாங்குவதைக் கையெட்டும் தூரத்தில் நின்று பார்க்க வேண்டும், உள்ளே போகக் கூடாது. இதைவிடக் கடினமான வேலையை நான் அதிகம் கண்டதில்லை. ஒரு ஜோடி பெரிய ஜோடியா என்பதை வெளியே நிற்பவரை வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்று எழுதினேன். கட்டுரையிலிருந்து நான் காப்பாற்றிக்கொண்ட ஒரே வாக்கியம் அது.

3

அந்தப் பதிவுகளில் என்னைக் கட்டிப்போட்ட ஜோடியின் பெயர் இரட்டைத் தாழ்ப்பாள். நெட்டையானவர் மேல்தாழ். குட்டையாக, அகலமாக இருப்பவர் கீழ்தாழ். இரண்டும் விழுந்துவிட்டால் கதவு திறக்காது என்பது அவர்களுடைய பெருமை. கையைத் தொடும்போது மற்ற ஜோடிகள் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இவர்கள் ஒரு கணம் பிடித்து, பிறகு விடுவார்கள். பின்னால் வந்த ஜோடிகள் எல்லாம் அதை அப்படியே எடுத்துக்கொண்டன.

மேல்தாழ் இப்போது ஒரு பயிற்சிக் கூடம் நடத்துகிறார். பல மாடி வாகன நிறுத்துமிடத்துக்குக் கீழே, தாழ்ந்த கூரையோடு, ரப்பர் விரிப்பு வாசனை அடிக்கிற இடம். தலையைக் குனிந்தபடியே நடந்து நடந்து அவருக்கு அதுவே நடையாகிவிட்டது. நான் போனபோது இரண்டு இளம்பெண்கள் ஒரு காட்சியைப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தரையில் ஊர்ந்து வந்து கையை நீட்டுகிறாள். வெளியே நிற்பவள் அந்தக் கையைப் பார்க்கிறாள், தன் கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறாள், இறங்கி நடந்துபோகிறாள்.

“இன்னும் மெதுவா நடக்கணுமா மாஸ்டர்?” என்று கேட்டாள் அவள். “உங்க மாதிரி வர மாட்டேங்குது.”

“இன்னைக்குப் போதும்மா” என்றார் அவர்.

என்னிடம் திரும்பி, “அந்த நடையைக் கத்துக்கத்தான் பாதிப் பேர் இங்க வராங்க” என்றார். சொன்ன விதத்தில் பெருமை இல்லை.

கையை ஏன் பிடித்து விடுகிறீர்கள் என்று கேட்டேன். என் உள்ளங்கையை வாங்கி, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார்.

“அழுத்தினா, நான் நல்லா இருக்கேன், ஆட்டம் நடக்கட்டும்னு அர்த்தம். அழுத்தலேன்னா நிஜமாவே அடி பட்டிருக்கு, சீக்கிரம் முடின்னு அர்த்தம். கூட்டத்துக்குத் தெரியாது. எதிராளிக்கும் தெரியாது. மத்தவங்க இதை ஸ்டைல்னு நினைச்சு எடுத்துக்கிட்டாங்க. வெறுங்கையைப் பிடிச்சிட்டு விடறாங்க, பாவம்.”

4

(இந்தப் பகுதியை நான்கு விதமாக எழுதினேன். முதல் வடிவத்தில் மேல்தாழ் பொறாமைக்காரர். இரண்டாவதில் அவருக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது, ஆனாலும் நடந்தார். மூன்றாவதில் போட்டிகளை நடத்துகிற முதலாளி வில்லன். கதைக்கு ஒரு கெட்டவன் தேவைப்பட்டான், நானும் தேடினேன். கிடைக்கவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.)

கூட்டத்துக்கு இந்த ஜோடி பழகிப் போய்விட்டது, உடைத்தால் இருவருக்கும் இடையே புதிதாக ஒரு பகையை ஓட்டலாம் என்று முதலாளி சொன்னார். இருவரும் சம்மதித்தார்கள். திட்டம் இதுதான்: கீழ்தாழ் நன்றாக அடி வாங்குவார், தூக்கி எறியப்படுவார், ஊர்ந்து வந்து கையை நீட்டுவார். மேல்தாழ் தொட மாட்டார், இறங்கி நடந்துபோவார். எதிராளிகள் கீழ்தாழை இன்னொரு முறை தூக்கிப் போட்டுப் போட்டியை முடிப்பார்கள்.

மதியம் முழுவதும் ஒத்திகை பார்த்தார்கள். எந்தப் படியில் இறங்குவது, எங்கே நிற்பது, எவ்வளவு மெதுவாக நடப்பது என்று எல்லாமே பேசினார்கள். ஒன்றை மட்டும் பேசவில்லை. அத்தனை வருடங்களாக வலியைச் சொல்ல அவர்களிடம் இருந்த ஒரே வழி அந்தத் தொடுதல்தான். அன்று தொடுதலே கிடையாது. அதற்குப் பதிலாக வேறொரு சைகை வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. மூச்சு விடுவதைப் பற்றி யார் முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்கிறார்கள்?

அன்று கீழ்தாழின் கழுத்தெலும்பு நகர்ந்தது. அவருடைய வலதுகை விரல்கள் இன்றுவரை மடங்குவதில்லை.

அந்தப் பதிவை லட்சக்கணக்கானவர்கள் பார்த்திருக்கிறார்கள். கீழே “என்ன நடிப்பு” என்று எழுதியிருக்கிறார்கள். ஜோடிப் பிரிவு என்றாலே உலகமெங்கும் இன்று அந்தக் காட்சிதான்: நீட்டிய கை, இழுத்துக்கொண்ட கை, திரும்பிப் பார்க்காத நடை.

“முதல் தடவை எறிஞ்சாங்களே, அப்பவே அடி பட்டுதா? இல்ல, நான் போனதுக்கப்புறம், கடைசித் தடவை போட்டப்பவா?” என்று கேட்டார் மேல்தாழ். என்னிடம் கேட்கவில்லை, கயிற்றைப் பார்த்துக் கேட்டார். “பின்னாடி பட்டதுன்னா அந்தக் கையைக் கூட்டத்துக்காக நீட்டியிருக்கான். முதல்லயே பட்டிருந்தா அதை எனக்காகத்தான் நீட்டியிருக்கான். நிஜமா கூப்பிட்டவனை விட்டுட்டு நான் அழகா நடந்து போயிருக்கேன்.”

“டாக்டர் சொல்லலையா?”

“ரெண்டுல எதுலயும் பட்டிருக்கலாம்னாங்க.”

“அவரையே கேட்டிருக்கலாமே?”

“எப்படி சார் கேக்கிறது? என் தங்கச்சி புருஷன் அவன்.” பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க அவங்க வீட்டுக்கும் போவீங்கள்ல. கட்டுரைக்குன்னு சொல்லிக் கேட்டுப் பாருங்க. என்ன சொல்றான்னு எழுதுங்க. நான் வாங்கிப் படிச்சுக்கிறேன்” என்றார்.

5

போனேன். அடுக்குமாடிக் குடியிருப்பு. கதவைத் திறந்தது தங்கை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. அப்போதுதான் வந்திருந்தாள் போல, வெள்ளை மேலங்கி நாற்காலி முதுகில் தொங்கியது. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள்.

“அண்ணன் அனுப்புச்சா? இவரு வேலைக்குப் போயிருக்கிற நேரமாப் பார்த்து வரும். பழம் வாங்கிட்டு வந்து வாசல்லயே நிக்கும். உள்ள வாண்ணான்னா, வண்டியை நோ பார்க்கிங்ல போட்டிருக்கேம்மான்னு சொல்லும். தினமும் ஒரே நோ பார்க்கிங்.”

“உங்களுக்கு அண்ணன் மேல கோபம் இல்லையா?”

“இருந்துச்சு. நான் ஒருத்தருக்கு ஊசி குத்துறதுன்னா, இப்ப வலிக்கும்னு சொல்லிட்டுத்தான் குத்துவேன். அவங்களும் வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுவாங்க. இவங்க தொழில்ல வலிக்கலேன்னாலும் கத்தணும், வலிச்சா மூச்சு விடக் கூடாது. இதுல யாரைப் போய்க் கோச்சுக்கிறது?”

கீழ்தாழ் வந்தார். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் என்று ஒலிபெருக்கியில் சொல்கிறவர். “அப்ப கத்துன கத்து வீண் போகல சார்” என்றார். இடதுகையால் எனக்கு வணக்கம் சொன்னார். அண்ணன் கேட்டனுப்பியதை மனைவி சொன்னதும், செருப்பைக் கழற்றுவதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார்.

“மச்சான் இன்னுமா அதையே நினைச்சிட்டிருக்கான்?”

“நீங்க நினைக்கலையா?” என்றாள் அவள்.

“எனக்குத்தான் பதில் தெரியுமே.”

நான் பேனாவை எடுத்தேன். எழுத்தாளனுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. கடவுள் மன்னிக்கட்டும், அந்த நொடியில் எனக்கு முடிவு கிடைக்கப்போகிறது என்ற மகிழ்ச்சி மட்டும்தான் இருந்தது.

“மூடி வைங்க சார். உங்ககிட்ட சொல்ல மாட்டேன்.”

“அவர் காத்துக்கிட்டு இருக்காரே.”

“அதனாலதான். நல்ல பதிலா இருந்தா இங்க உக்காந்து சிரிக்கட்டும். கெட்ட பதிலா இருந்தா அதைத் தனியா உக்காந்து ஒரு பத்திரிகையில படிக்கக் கூடாது. அவன் அதைக் கேக்கிறப்ப நான் பக்கத்துல இருக்கணும்.”

தங்கை உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

6

எழுதிப் பார்த்த முடிவுகள்:

(அ) மேல்தாழ் உள்ளே வருகிறார். அந்தக் கை கூட்டத்துக்காகத்தான் நீட்டியது என்று கீழ்தாழ் சொல்கிறார். எல்லோரும் சாப்பிட உட்காருகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. பிடித்திருக்கிறது என்பதாலேயே இதை நம்பவில்லை.

(ஆ) அந்தக் கை அவருக்காகத்தான் நீட்டியது. அதைக் கேட்டதும் மேல்தாழ்

(எழுத முடியவில்லை. அந்த உயரமான மனிதர் அதைக் கேட்டு எப்படி உட்காருவார் என்பது எனக்குத் தெரியாது.)

(இ) அவர் வரவே இல்லை. வருடங்கள் போகின்றன. இருவரில் ஒருவர் முதலில் போய்விடுகிறார், கேள்வி மற்றவரிடம் தங்கிவிடுகிறது. இதை எழுதச் சிரமமே இருக்கவில்லை, பேனா தானாக ஓடியது. நாம் அறிந்த பல குடும்பங்களில் இப்படித்தான் நடந்திருக்கிறது. எழுதி முடித்ததும் அந்தத் தாளை மட்டும் கிழித்துப் போட்டேன்.

கட்டுரைக்குப் பதிலாக இதைக் கொடுத்தபோது ஆசிரியர் படித்துவிட்டு, “சார், கடைசியில பதில் என்ன?” என்றார். எனக்குத் தெரியாது என்றேன். நம்பவில்லை. வாசகர்களும் நம்ப மாட்டார்கள். உங்களுக்குப் பிடித்த முடிவை நீங்கள் வைத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. உங்கள் வீட்டிலும் கேட்காமல் விட்ட கேள்வி ஏதாவது இருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு எழுந்து போங்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

இனிமேல் எழுதுவது உங்களில் ஒருவருக்கு மட்டும். வாங்கிப் படிக்கிறேன் என்றீர்கள். நீங்கள் தேடிய பதில் இந்தப் பக்கத்தில் இல்லை, என்னை மன்னிக்க வேண்டும். அது உங்கள் மாப்பிள்ளையிடம் பத்திரமாக இருக்கிறது. மாலையில் வேலை முடிந்து நேராக வீட்டுக்குத்தான் வருகிறார். அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் கெட்டுப் போயிருக்கிறது, படியேறித்தான் போக வேண்டும். நடுவில் கால் தயங்கினால் கொஞ்சம் நின்றுகொள்ளுங்கள். இறங்கிவிடாதீர்கள்.