ஹஃப்ஸா கேட்ட ப்ராசஸர்

ஹஃப்ஸா கீழ்வேளூருக்குப் போன மறுநாள்தான் அஸார் அவளுடைய எடிட்டிங் நாற்காலியில் உட்கார்ந்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதுவே முதல் தடவை.

நன்னிலம் கடைத்தெருவில் அவர்களுக்கு ஒரு வீடியோ ஸ்டூடியோ. கீழே போட்டோ எடுக்கும் அறை, மாடியில் தகரக் கொட்டகை போட்ட எடிட்டிங் அறை. கேமராவைத் தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் போவது அஸார். அவன் கொண்டுவந்து கொட்டுவதை வெட்டி ஒட்டி, இரைச்சலை நீக்கி, நாலு பேர் உட்கார்ந்து பார்க்கிற படமாக ஆக்குவது அவன் மனைவி ஹஃப்ஸா. அவளுடைய தங்கை ஷமீராவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. துணைக்குக் கிளம்பும்போது, "கோவிந்தராசு அண்ணன் வீட்டுக் கல்யாணத்துல ரிசப்ஷன் மட்டும் பாக்கி. நான் வந்து பாத்துக்கறேங்க" என்றாள்.

"அவ்வளவுதானே? நானே முடிச்சிடறேன்."

மணப்பெண்ணான கோவிந்தராசுவின் மகள் சிங்கப்பூர் கிளம்பவிருந்தாள். அதற்குள் படத்தைக் கொடுப்பதாக வாக்கு.

அஸார் ரிசப்ஷனைத் திறந்து ஓடவிட்டான். கை உயர்த்திய மணப்பெண் அப்படியே நின்றாள். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு படம் ஒரே தாவாகத் தாவி அவளைச் சாப்பாட்டுப் பந்தியில் கொண்டுபோய் உட்காரவைத்தது. மௌஸை அசைத்தான். மொத்தமும் உறைந்துபோனது. அணைத்துப் போட்டான், மறுபடியும் அதே கதை. ஏதோ தன் கைக்கோளாறு என்று நினைத்து ஹஃப்ஸாவை அழைத்தான்.

"நேரா ஓட்டுனீங்களா? அது ஓடாதுங்க. ஒவ்வொரு கிளிப்புக்கும் முதல்ல ஒரு சின்ன காப்பி போடணும். அதை வெச்சு வெட்டிட்டு, கடைசில ஒரிஜினலை மாத்திக்கணும்."

"எல்லா கிளிப்புக்குமா?"

"எல்லாத்துக்கும்தான். புது கேமரா வந்ததுலேருந்து அப்படித்தான் பண்றேன். அப்பறம், ஜெனரேட்டர் இரைச்சலை எடுக்கறப்ப வேற எதையும் தொட்டுடாதீங்க. நின்னுடும்."

அரிசி எந்த டப்பாவில் இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். குரலில் குறையே இல்லை.

காப்பி போடத் தொடங்கினான். திரையின் பச்சைக் கோடு நகர்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வெயில் ஏற ஏற தகரத்தின் வெக்கை தலையில் இறங்கியது. மின்விசிறி அனலைத்தான் வாரி இறைத்தது. சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டான். அவள் இங்கே முக்காட்டோடு அல்லவா உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றியது. பொழுது சாய்கிற நேரத்தில் எல்லாவற்றையும் சேர்த்துப் படமாக்கக் கொடுத்தான். முடியப்போகிற சமயத்தில் பிழை என்று திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது.

அதைப் பார்த்ததும் ஹஃப்ஸா முன்பு சொன்னது நினைவுக்கு வந்தது.

புது கேமரா வாங்கும்போதே அவள் சொல்லியிருந்தாள். "கேமரா மாத்துனா ஃபைலெல்லாம் கனமா வரும். இந்த சிஸ்டம் தாங்காதுங்க. ப்ராசஸரை மாத்தணும்." அவன் சாப்பிட்டுக்கொண்டே போனில் லென்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான். "அது ஐ-செவன் ப்ராசஸர். அதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?" என்றான். ஏதோ ஒரு ஆபீஸ் காலி செய்தபோது கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர் அது. பெயரைத் தவிர வேறெதையும் அவன் பார்த்து வாங்கவில்லை. அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

அதுவாவது போகட்டும். ஷமீராவின் ஏழாம் மாத விசேஷத்துக்கு ஹஃப்ஸாவால் போக முடியவில்லை. ஒரு கல்யாணப் படம் முடிகிற நேரத்தில் நின்று நின்று போனது. அஸார் மட்டும் போனான். பந்தியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டான். மூத்தவள் எங்கே என்று மாமியார் ஜன்னத் பீவி கேட்டபோது, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "உங்க மகளுக்குக் கை கொஞ்சம் ஸ்லோ மாமி. வேலை முடிஞ்சாத்தானே வருவா?" என்றான். பந்தி முழுக்கச் சிரித்தது. அவனும் சிரித்தான். படம் தாமதமாகும்போதெல்லாம் வாடிக்கையாளர்களிடமும் அதையேதான் சொல்லிவந்தான்.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினான்.

மறுநாள் காலையில் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினான். தெற்கு வீதிக்குப் பக்கத்தில் நௌஷாத் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார்.

"இருக்கறதுலயே பெரிய ப்ராசஸரா குடுங்க நானா" என்றான் அஸார், அண்ணன் முறை வைத்து.

"பெருசு சின்னதெல்லாம் அப்பறம். கேமரா என்ன ஃபார்மட்ல எடுக்குது?"

அதை மட்டும் அவனால் சொல்ல முடிந்தது.

"எடிட்டிங்குக்கு எந்த சாஃப்ட்வேர்? ஒரே நேரத்துல எத்தனை கேமரா ஓடும்? ஆடியோவுக்கு என்னென்ன எஃபெக்ட் போடறீங்க?"

அஸாருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஸ்டூடியோ மாடியில், தினமும் தன் தலைக்கு நேர் மேலே நடக்கிற வேலை. "வீட்டுலதான் பாக்கறாங்க" என்று முனகிவிட்டு ஹஃப்ஸாவை அழைத்து, போனை மேஜைமேல் ஸ்பீக்கரில் வைத்தான். நௌஷாத் கேட்கக் கேட்க அவள் பதில் சொன்னாள். பின்னால் பச்சைக் குழந்தை அழுதது.

"யாருக்குங்க பாக்கறீங்க?" என்றாள் நடுவில்.

"நமக்குத்தான்."

"கடைக்காரர் எதைக் காட்டறாரு?"

நௌஷாத் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்திருந்தார். "இது பெருசும்மா, கோர் நிறைய, வேகம் ஜாஸ்தி. ஆனா உள்ளுக்குள்ள கிராபிக்ஸ் கிடையாது. இன்னொண்ணு நடுத்தரம், கிராபிக்ஸ் சேந்தே வருது."

"அப்ப நடுத்தரமே குடுங்க நானா. எங்க கேமரா ஃபைலைத் திக்காம ஓட்டறதே அந்த உள்ள இருக்கற கிராபிக்ஸ்தான். தனிக் கார்டு போட்டாலும் எல்லா கார்டும் அதை எடுக்காது. அதுவுமில்லாம எங்க மாடி தகரக் கொட்டாய். ரொம்ப சூடாகறது அங்க தாங்காது. கூலர் மட்டும் நல்லதா போட்டு, ரேமைக் கொஞ்சம் கூட்டிக் குடுங்க."

நௌஷாத் பெரிய பெட்டியை எடுத்து உள்ளே வைத்தார். "தங்கச்சி சொல்றதுதான் சரி. இவங்களையே கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

அஸார் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். "இதெல்லாம் எப்ப தெரிஞ்சுக்கிட்டே?"

"கேமரா வாங்குனப்பவே. சொன்னேனேங்க."

"ஆமா, சொன்னே" என்றான். உள்ளே திரும்பி, அவள் சொன்ன ப்ராசஸரைப் போட்டுப் புது கம்ப்யூட்டராகவே கட்டித் தரச் சொன்னான்.

புது கம்ப்யூட்டரை நன்னிலத்தில் இறக்கிவைத்துவிட்டு, அந்த வாரக் கடைசியில் கீழ்வேளூருக்குப் போனான். ஜன்னத் பீவி பேரனுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். ஹஃப்ஸா வெந்நீர் எடுத்து வந்தாள்.

"மாமி, ஷமீரா விசேஷத்தன்னைக்கு இவளுக்குக் கை ஸ்லோன்னு சொன்னேன். அது பொய். நான் வாங்கிப் போட்ட சிஸ்டம்தான் ஓட்டை. இவ கேட்டும் மாத்தித் தரல."

ஜன்னத் பீவி எண்ணெய்க் கையோடு நிமிர்ந்தார். மருமகனைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்தார். "அன்னைக்கு போனைப் போட்டு உன்னைத் திட்டினேனேடி. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"என்னத்தைச் சொல்றது?" என்றபடி ஹஃப்ஸா வெந்நீரைக் கலந்தாள்.

அவன் கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்தாள்.

"அம்மாகிட்ட சொன்னீங்க, சரி. அன்னைக்குப் பந்தியில அம்மா மட்டுமா இருந்தாங்க?"

அவன் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டான். "எப்ப வர்றே?"

"ஷமீராவுக்கு நாப்பது நாள் கழியட்டும். அதுவரைக்கும் இருந்துட்டு வர்றேன்."

வழக்கமாக, போகட்டுமா, இருக்கட்டுமா என்று கேட்பாள். இந்த முறை கேட்கவில்லை. "இரு" என்றான்.

ரிசப்ஷனை அஸாரே வெட்டினான். படம் இப்போது திக்காமல் ஓடியது. இவ்வளவு சுலபமாக முடிந்திருக்கும் வேலையைத்தானா அவள் அந்த வெக்கையில் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருந்தாள்? முடித்து அவளுக்கு அனுப்பினான். "பாட்டுச் சத்தம் தூக்கலா இருக்கு. பேச்சு அமுங்கிப்போகுது" என்று பதில் வந்தது. குறைத்து மறுபடி அனுப்பினான். சரி என்றாள்.

மகள் சிங்கப்பூர் கிளம்புவதற்கு முந்தின நாள் கோவிந்தராசு பென்டிரைவை வாங்க வந்தார். "என்ன தம்பி, தங்கச்சி ஊருல இல்லாததால லேட்டாயிடுச்சா?"

"இல்லண்ணே. அவ இருந்தப்ப லேட்டானதுக்கும் நான்தான் காரணம். அவ பேருல பழியைப் போட்டுக்கிட்டிருந்தேன்."

"அதுக்கென்ன தம்பி. தாலி கட்டறது தெளிவா இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு, பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் வண்டியைக் கிளப்பினார்.

அஸார் கடைவாசலிலேயே நின்றான். ஷமீராவின் விசேஷப் பந்தியில் தன் இலைக்கு எதிரே யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒவ்வொரு முகமாக நினைவுபடுத்திப் பார்த்தான். ஷமீராவின் மாமனார் இருந்தார். பக்கத்தில் அவர் தம்பி. மாமனாரிடமிருந்து தொடங்கி ஒவ்வொருவரிடமும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தான்.