விலை ஏற்றிக் கேட்ட விரல்கள்

மார்த்தாண்டத்தில் வாழைக்குலை மண்டி வைத்திருக்கும் நேசையன், மாட்டுத்தரகில் வளர்ந்தவர். ஏத்தன் என்கிற நேந்திரங்குலைக்கும் விலையை வாயால் பேசமாட்டார். துண்டை விரித்து, அதற்கடியில் விரல் பிடித்துத்தான் பேச்சு. கையை அமுக்கிவிட்டால் கச்சவடம் முடிந்தது. கர்த்தரே வந்து கேட்டாலும் மாற்றமாட்டார்.

அன்று மத்தியானம் குலை வாங்க வந்தவர் தீதி என்ற வியாபாரி. மாலத்தீவுப் பக்கம் ஒரு பொடித் தீவுக்காரர். திருவனந்தபுரத்துக்கு வைத்தியத்துக்கு வந்து வந்து தமிழ் படித்தவர்.

"ஒங்க ஊருக்கு ரெண்டு பெரிய நாடும் சும்மா கொட்டிக் குடுக்குதாமே. ஒருத்தன் பாலம், மத்தவன் ராடாரு. மாப்பிள்ள கணக்கா இருக்கலாமே வேய்!" என்றார் பக்கத்து மண்டி செல்வதாஸ்.

"மாப்பிள்ளைய ரெண்டு வீட்டுலயும் வெளிய விடமாட்டேங்கறாங்க, அண்ணாச்சி." தீதி சிரிக்கவில்லை. "அரிசி ஒருத்தர் கப்பல்ல, எண்ணெய் மத்தவர் கப்பல்ல. நாங்களா விலை பேசி, எங்க படகுல கொண்டுபோறது இந்தக் குலை மட்டும்தான். இதும் போனா அந்தப் படகும் நின்னுடும். வருஷம் முழுக்க எனக்கே தரணும்."

நேசையன் துண்டை விரித்தார். தீதியின் விரல்கள் வியர்த்துச் சூடாயிருந்தன. அவர் விரலால் ஒரு விலை சொன்னார், நேசையன் ஏற்றினார். பிடி விலகியது. மறுபடி பற்றிய கை ஐஸ் பெட்டியில் கிடந்த மீன் போல் குளிர்ந்திருந்தது. நேசையன் கேட்டதற்கு மேலே ஒரு விரல் கூட்டியது.

வாங்க வந்தவன் விலையைக் கூட்டினால் சந்தேகப்பட வேண்டும். அதற்குள் இடப்பக்கமிருந்து இன்னொரு பிடி. வறண்டு, நகமே இல்லாமல். அது இன்னும் இரண்டு விரல் கூட்டியது. வியாபாரி ரத்தம் அல்லவா, அமுக்கிவிட்டார்.

"முடிஞ்சு!" என்று நிமிர்ந்தார்.

தீதி இரண்டு கையாலும் டீ கிளாசைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன முடிஞ்சுது? விலை கட்டாதுன்னு நான் அப்பவே கைய எடுத்துட்டேனே."

"அப்போ எனக்க கையில கெடக்கது ஆருக்க கை?"

தீதி துண்டைப் பார்த்தார். அந்த முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"ரெண்டு பேரும் இங்கயும் வந்தாச்சா," என்றார் தீதி.

"நான் மாத்தித் தாறேன். குலை ஒமக்குத்தான்!"

"அமுக்கியாச்சு, அண்ணாச்சி. நீங்க விடலாம். அவங்க விடமாட்டாங்க."

வெறும் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

நேசையன் கையை வெடுக்கென்று உருவினார். துண்டு கீழே விழவில்லை. அந்தரத்தில் நின்றது. அடியில் இரண்டு மேடுகள் ஒன்றையொன்று திருகிக்கொண்டிருந்தன.

"குலைதான் வித்தாச்சே, இன்னும் எதுக்கு விலை பேசுது?" என்றார் நேசையன்.

செல்வதாஸின் குரல் இறங்கிப்போயிருந்தது. "குலைக்கு இல்ல ஓய். ரெண்டும் ஒம்ம பக்கமாத் திரும்புது."