2317 வேண்டும்

எங்கள் மாநிலச் சட்டசபையில் ஒரு மசோதா நகரும் வேகத்தைப் பார்த்தால் நத்தைக்கே பொறுமை போய்விடும். ஜனவரியில் உள்ளே போனால் மார்ச் கடைசி வரை ஏதாவது ஒரு குழுவின் மேஜையில் குறட்டை விடும். அதைத் தட்டி எழுப்பத்தான் நானும் எங்கள் வளாகத்து ஜனங்களும் குளிர்காலம் முழுக்கத் தொண்டை வற்றக் கத்தினோம்.

வளாகம் என்றால் காட்டன்வுட் வளாகம். வரிசை வரிசையாக டிரெய்லர் வீடுகள். வீடு எங்களுடையது, வீடு நிற்கிற தரை மட்டும் வேறொருவருடையது, அதற்கு மாத வாடகை. அடியில் சக்கரம் இருக்கிறது என்று பேர்தானே தவிர, கிளப்பி இழுத்துக்கொண்டு போனால் பாதி வழியில் கூரை ஒரு பக்கம் சுவர் ஒரு பக்கம் கழன்றுவிடும். ஆக, தரை யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் எங்கள் குடுமி. தரைக்காரக் கிழவர் செத்துப்போய், அவர் பிள்ளைகள் அதை டல்லஸ் கம்பெனி ஒன்றுக்கு விற்கப் பேசுகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அதே கம்பெனி பக்கத்து ஊர் வளாகத்தை வாங்கி, வாடகையை இரண்டு பங்காக்கிவிட்டது. அங்கே இருந்த என் தங்கை, இருபது வருஷம் குடியிருந்த வீட்டை அப்படியே போட்டுவிட்டு, இப்போது மகள் வீட்டு நிலவறையில் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறாள்.

எங்கள் மசோதா கேட்டது ஒன்றே ஒன்றுதான். வளாகத்தை விற்கிறவர் முதலில் குடியிருப்பவர்களிடம் சொல்ல வேண்டும். அதே விலைக்கு நாங்களே சேர்ந்து வாங்கிக்கொள்ள இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். கடன் தர வங்கியும் தயார். மசோதாவைக் கொண்டுவந்தவன் எங்கள் தொகுதி உறுப்பினன் கர்ட் வீலண்ட். டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். நல்ல பையன்தான், முதுகெலும்பு மட்டும் கொஞ்சம் இளகல். மசோதாவுக்குக் கிடைத்த எண் 2317.

போன தடவை பட்ட சூடு எனக்கு மறக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு மசோதா. சட்டசபைக் குழு அதை விசாரிக்கிற நாள் காலையில் எவனோ வீடு வீடாகப் போன் போட்டு, "மசோதாவை மாத்திட்டாங்க, இப்ப அது உங்களுக்கே எதிரா இருக்கு, வராதீங்க" என்று சொல்லிவிட்டான். வடிகட்டின பொய். நம்பி எல்லோரும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். காலி நாற்காலிகளுக்கு நடுவில் நான் ஒருத்தி மட்டும் சாட்சி சொன்னேன். குழு அந்த மசோதாவைச் சத்தமில்லாமல் புதைத்தது.

அதனால் இந்தத் தடவை நான் கொஞ்சம் சர்வாதிகாரியாகவே ஆகிவிட்டேன். ஞாயிறு தவறாமல் சர்ச் கூடத்தில் கூட்டம். ஒரு கிண்ணம் சில்லி என்கிற கறிப் பயறுக் குழம்பு, பட்டை போட்ட இனிப்பு ரொட்டியான சின்னமன் ரோல் ஒன்று, அப்புறம் பாடம்.

"என்ன எண்?"

"இருபத்திமூணு பதினேழு!"

"அதுக்கு என்ன?"

"வேணும்!"

"யாராச்சும் போன் பண்ணி, மசோதா மாறிப்போச்சுன்னு சொன்னா?"

டுவைட் பாங்க்ரட்ஸ் இதற்காகவே காத்திருப்பார். மாட்டிறைச்சி ஆலையில் முப்பது வருஷம் நின்று இடுப்பு தேய்ந்த மனிதர். மனைவி ஐலீன் ஆக்சிஜன் இயந்திரத்தை விட்டு நகர முடியாதவள். "போனை வைடா நாயேன்னு சொல்லணும்!" என்று மேஜையைத் தட்டுவார். கூடமே சிரிக்கும்.

"நானே வந்து சொன்னா?" என்று ஒருநாள் வேடிக்கையாகக் கேட்டேன்.

"உன்னை எவ்வளவு குடுத்து வாங்குனாங்கன்னு கேப்பேன்" என்றார். அன்றைக்கு அவருக்கு இரண்டாவது ரோல் எடுத்துக் கொடுத்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை.

தபால் அட்டைகள் எழுதினோம். எல்லா அட்டையிலும் ஒரே வாசகம்: 2317 வேண்டும். மஞ்சள் சட்டை அடித்தோம், அதிலும் அதுவே. நீளமாக எழுதினால் எந்த உறுப்பினரும் படிக்க மாட்டார், எண்ணை மட்டும்தான் பார்ப்பார் என்பது என் அனுபவம். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஓட்டெடுப்பு நாளன்று இரண்டு பஸ் பிடித்துத் தலைநகருக்குப் போனோம். ஜனங்களை மேலே பார்வையாளர் மாடத்துக்கு அனுப்பிவிட்டு நான் கீழ்த்தள நடையில் நின்றிருந்தேன். அப்போது பெத் ஆன் வந்தாள். வளாக முதலாளிகள் சங்கத்துக்காகப் பேசுகிறவள்; சட்டசபை நடையிலேயே குடியிருப்பவள், எந்த உறுப்பினரின் பேரனுக்கு எப்போது பிறந்தநாள் என்பது வரை அறிந்தவள். நேராக வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"உங்க ஆளுங்க மட்டும் இல்லேன்னா இது நடந்திருக்காது லோர்னா. ரொம்ப ரொம்ப நன்றி." கையில் ஒரு காபியைத் திணித்துவிட்டுப் போனாள். படியில் இடுப்புக்கு ஓய்வு கொடுத்து உட்கார்ந்திருந்த டுவைட் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குக் கையசைத்தேன்.

எதிராளி கட்டிப்பிடித்து நன்றி சொன்னால் எங்கோ இடிக்கிறது என்று அர்த்தம். ஓடிப்போய் மசோதாவின் அன்றைய பிரதியை வாங்கிப் பார்த்தேன்.

எங்கள் சட்டசபையில் ஒரு வழக்கம் உண்டு. மசோதாவின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதை முழுக்க வழித்தெடுத்துவிட்டு வேறொன்றைத் திணிக்கலாம். மீன் குடலை எடுத்து மசாலா அடைப்பது மாதிரி. விதிப்படி அதில் ஒரு தப்பும் இல்லை. முந்தின நாள் சாயங்காலம், நாங்கள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், குழு அதைச் செய்து முடித்திருந்தது. இப்போது 2317 சொன்னது இதுதான்: வளாகத்தை விற்கிறவர் யாரிடமும் சொல்லத் தேவையில்லை. முப்பது நாள் நோட்டீசில் வாடகையை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். நகரசபை குறுக்கே வரக்கூடாது.

கர்ட்டை அவை வாசலிலேயே மடக்கினேன்.

"என்னடா இது?"

"லோர்னா, கொஞ்சம் மெதுவா பேசுங்க. மசோதா முழுசாச் செத்துப்போறதுக்குப் பதிலா ஏதோ ஒண்ணாவது வரட்டுமேன்னுதான். கடைசிப் பக்கம் பாருங்க, ஆய்வுக் குழு ஒண்ணு போடச் சொல்லியிருக்கேன்."

"ஆய்வுக் குழு வந்து எங்க வாடகையைக் கட்டுமா? வேண்டாம்னு ஓட்டுப் போடு. உன் பேரு இருக்கற மசோதா, நீ எதிர்த்தா இன்னும் பத்துப் பேரு எதிர்ப்பான்."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எம் மேஜை மேல உங்க அட்டை இவ்வளவு உசரத்துக்கு இருக்கு. எல்லார் மேஜையிலயும் இருக்கு. அத்தனை பேரு வேணும்னு எழுதுனதுக்கு அப்புறம் நான் வேண்டாம்னு போட்டா, அடுத்த தேர்தல்ல என்னைப் பத்தி என்ன நோட்டீஸ் அடிப்பாங்க?"

"அது பழைய மசோதாவுக்குடா, முட்டாள்!"

"எண்ணு அதேதானே லோர்னா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

அவனை அங்கேயே நாலு சாத்து சாத்தியிருக்கலாம். நேரமில்லை, மணி அடித்துவிட்டது. மாடிப்படி ஏறி மாடத்துக்குள் நுழைந்தபோது கீழே ஒரு உறுப்பினர் பேசிக்கொண்டிருந்தார். "மேலே பாருங்கள். இதை எதிர்க்கிறவர்கள் அந்த மஞ்சள் சட்டைக்காரர்களின் கண்ணைப் பார்த்துச் சொல்லட்டும்!" எங்கள் ஜனங்கள் பூரித்துப்போய்க் கையசைத்தார்கள். மாடத்தில் கையசைக்கக் கூடாது. அன்றைக்கு அவைத்தலைவர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

"இது நம்ம மசோதா இல்ல! வேண்டாம்னு சொல்லுங்க!" என்று நான் கத்தினேன். அதை மட்டும் அவர் விடவில்லை. காவலர் என் கையைப் பிடித்தார். "மேடம், இங்க சத்தம் போடக்கூடாது, வாங்க வெளியே." என் ஜனங்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்க, என்னைத் தள்ளாத குறையாக வெளியே கொண்டுபோய் விட்டார். மூடின கதவுக்குப் பின்னால் கைதட்டல் கேட்டது. நிறைவேறிவிட்டது.

பஸ்ஸில் பாட்டும் சிரிப்புமாக ஏறினார்கள். எல்லோரும் உட்கார்ந்ததும் ஓட்டுநரின் மைக்கை வாங்கி, உள்ளதை உள்ளபடி சொன்னேன். குடலை எடுத்துவிட்டார்கள், எண் மட்டும்தான் நம்முடையது, இது வந்தால் நம் கதை முடிந்தது. இனி கவர்னர் ஒருவர்தான் தடுக்க முடியும். இப்போதே போன் செய்து, கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்லுங்கள்.

பாட்டு நின்றது. யாரும் போனை எடுக்கவில்லை.

"மசோதா மாறிப்போச்சுன்னு சொல்ற" என்றார் டுவைட்.

"ஆமா டுவைட். இந்தா, நீயே படி."

வாங்கிப் புரட்டினார். அடித்த வரிகள், அடிக்கோடு போட்ட வரிகள், பிரிவு இத்தனை, உட்பிரிவு இத்தனை. "இது யார் குடுத்த பேப்பர்? காபி குடுத்தாளே, அவளா?"

"அவ கட்டிப்பிடிச்சா, நான் என்ன பண்றது?"

"ஓட்டு நடக்கறப்ப வேண்டாம்னு கத்துனது யாரு? அதையும் அவதான் கத்துனாளா?"

"டுவைட், இருபது வருஷமா உன் பக்கத்து வீட்டுல இருக்கேன்."

"அதான் வலிக்குது" என்றார். கிண்டல் இல்லை. கண் கலங்கியிருந்தது. "எவ்வளவு குடுத்தாங்க லோர்னா? ஐலீனை எங்க தூக்கிட்டுப் போவேன்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாத்தியா?"

முன் இருக்கையில் எங்கள் வளாகத்து ரோக்ஸி மட்டும் தாளை வாங்கி, உதடு அசைய மெதுவாகப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் பக்கத்தில் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் ஒருத்திதான்.

மசோதா நிறைவேறினால் அன்றே கவர்னர் அலுவலகத்துக்குப் போன் போட வேண்டும் என்றும் நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். டுவைட் என் கண்ணைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்தார். குரல் நடுங்கவில்லை.

"வணக்கம்மா. காட்டன்வுட்லேருந்து டுவைட் பாங்க்ரட்ஸ் பேசறேன். இருபத்திமூணு பதினேழு. அது வேணும். கையெழுத்துப் போட்ருங்க."

அவருக்குப் பின் வரிசை, அதற்குப் பின் வரிசை. நான் பழக்கியதைவிடத் தெளிவாக, மரியாதையாக, ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் சொன்னார்கள். நான் ஓட்டுநர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, என் போனில் கவர்னர் அலுவலகத்தின் அதே எண்ணைப் போட்டேன். மறுபடி போட்டேன். லைன் பிஸியாகவே இருந்தது.